மண்ணியல் எடுக்கட்டும், ஆனால் ஜிஐஎஸ்ஸோடு

ஐயா, பி.எஸ்சி. வேளாண்மை முடித்த உங்கள் மகள் எம்.எஸ்சி.க்கு மண்ணியல் எடுத்து, மேய்ச்சல் நிலங்களை ஆய்வு செய்யப் போகிறேன் என்கிறார். 'மாடு மேய்க்கவா இவ்வளவு படிக்க வைத்தேன்?' என்று நீங்கள் நொந்துபோயிருக்கிறீர்கள். அந்த வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

மண்ணை லேபில் கொடுத்துச் சத்து பார்ப்பது அல்ல இது. காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டையே (வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலம்) எடுத்துக்கொள்ளுங்கள். கிளுவை வேலிக்கு இரண்டு பக்கமும் ஒரே மழைதான். ஆனாலும் ஒரு பக்கம் கொழுக்கட்டைப் புல் தாக்குப்பிடிக்கும், மறுபக்கம் சீக்கிரமே கருகும். குழி வெட்டினால் காரணம் தெரிந்துவிடும்: கருகிய பக்கம் ஒரு சாணிலேயே சரளை தட்டியிருக்கும். மண்ணின் ஆழம், நிறம், விரலில் உருட்டினால் தெரியும் களித்தன்மை, இரண்டு சொட்டு அமிலம் விட்டால் பொங்குகிறதா (சுண்ணாம்பு இருந்தால் பொங்கும்) என்று எல்லாம் குறித்து, செயற்கைக்கோள் படத்தோடு பொருத்தி வரைபடமாக்குவார்கள்.

எத்தனை மாடு தாங்கும் என்ற கணக்கு அங்கிருந்துதான் வரும். 400 கிலோ மாடு தினமும் 8 கிலோ உலர்தீவனம் தின்றால் வருடத்துக்குச் சுமார் 3 டன். எக்டேருக்கு 2 டன் உலர்புல் விளையும் மண்ணில், பாதியையாவது மேயாமல் விட்டால்தான் புல் மறுபடி தழைக்கும். ஆக, ஒரு மாட்டுக்கு 3 எக்டேர். அமெரிக்க அரசின் மண் வரைபடத்தில் மழை நன்றாகப் பெய்த வருடம், சராசரி வருடம், வறண்ட வருடம் என்று புல் விளைச்சலைத் தனித்தனியாகவே போட்டிருக்கிறார்கள். இணையத்தில் இலவசம், மகள் பார்க்கட்டும்.

சரி, வேலைக்கு வருவோம். மேய்ச்சல் நிலத்துக்கென்றே உள்ள இடங்கள் நம் நாட்டில் குறைவு. ஜான்சியில் புல், தீவன ஆராய்ச்சி நிறுவனம், ஜோத்பூரில் வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம் என்று விரல்விட்டு எண்ணலாம். மண் வரைபடம் போடத் தெரிந்தவருக்கோ நாக்பூரைத் தலைமையகமாகக் கொண்ட தேசிய மண் அளவாய்வு நிறுவனம் (பெங்களூரில் மண்டல மையம் உண்டு), வேளாண் துறை, நீர்வடிப்பகுதித் (மழைநீர் ஒரே ஓடைக்கு வடியும் நிலப்பரப்பு) திட்டங்கள் என்று வாசல் அகலம். ஆரம்பத்தில் பெரும்பாலும் ப்ராஜெக்ட் சம்பளம்தான், அதை மறைக்க மாட்டேன். ஜிஐஎஸ்ஸும் (கணினியில் வரைபடம் போட்டு அலசும் முறை) தொலையுணர்வும் (செயற்கைக்கோள் படத்தை வைத்து நிலத்தை அறிவது) கையில் இருந்தால் அந்தக் காலத்தை ஓட்டிவிடலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் அதற்குத் தனித்துறையே இருக்கிறது. ஐசிஏஆர் (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) முதுநிலை நுழைவுத் தேர்வுக்கும் இப்போதே தயாராகட்டும். வெளிமாநில இடங்களும் கிடைக்கும்.

வங்கித் தேர்வு எழுது என்று மகளிடம் சொல்லும் பேச்சைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். விண்ணப்பிக்கும் முன்பு, தெரிந்த பேராசிரியர் யாருடனாவது சித்திரை வெயிலில் போய் நாலு குழி இறங்கிப் பார்த்து வரட்டும். அதற்கப்புறமும் வேண்டும் என்றால் பணம் கட்டுங்கள்.