ஒரு போன், மூன்று பிள்ளைகள்: பாடத்துக்கும் தேர்வுக்கும் டிஜிட்டல் கருவிகள் (கேள்வி பதில்)

மும்பையில் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்ட கேள்விகள் இவை. கருவிக்குக் கருவி வசதிகள் வேறுபட்டாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: நாளை காலை வகுப்பில் எதைத் திரும்பச் சொல்லித்தர வேண்டும் என்று அது ஆசிரியருக்குக் காட்டுகிறதா?

கேள்வி (தாராவி, டியூஷன் ஆசிரியை): கூகுள் ஃபார்ம்ஸ் என்ற இணையப் படிவத்தில் வாராவாரம் டெஸ்ட் வைக்கிறேன் டீச்சர். எல்லோரும் பத்துக்கு எட்டு, ஒன்பது எடுக்கிறார்கள். பள்ளித் தேர்வில் அதே பின்னக் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டு, விடையாக 5/6, 7, 12, 100 என்று கொடுத்திருந்தேன்.

பதில்: இந்தக் கேள்விக்குக் கணக்கே போட வேண்டாமே அம்மா. நான்கில் ஒன்றுதான் பின்னம், பிள்ளைகள் அதைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். கொள்குறி வினாவில் சரியான விடையை விடத் தவறான விடைகளுக்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். பிள்ளைகளின் நோட்டைத் திறந்து, அவர்கள் உண்மையில் செய்யும் தப்புகளையே விடைகளாகப் போடுங்கள்.

இதே கணக்குக்கு 5/6-உடன் 2/5, 2/6, 1/6 என்று கொடுத்துப் பாருங்கள். 2/5 தொட்டவன் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறான். 2/6 தொட்டவள் பொதுப் பகுதி 6 என்று கண்டுபிடித்துவிட்டாள், தொகுதியை மாற்ற மறந்துவிட்டாள். 1/6 என்றால் பெருக்கியிருக்கிறார்கள். மூன்றும் மூன்று வெவ்வேறு சிக்கல்கள். ஃபார்ம்ஸில் 'பதில்கள்' பகுதியின் சுருக்கத்தைத் திறந்தால் எந்த விடையை எத்தனை பேர் தொட்டார்கள் என்று படமாகவே வரும். மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு அந்தப் படத்தைப் பாருங்கள்.

2/5 கூட்டம் பெரிதாக இருந்தால், "அரை ரொட்டியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையை விடக் குறையுமா?" என்று கேளுங்கள். 2/5 அரையை விடச் சின்னது என்று அவர்களே பிடித்துக்கொள்வார்கள். 2/6 எழுதியவளுக்கு அந்தப் பாடமே வேண்டாம். 1/2 என்பதை 3/6 என்றும் 1/3 என்பதை 2/6 என்றும் மாற்றி எழுதும் பயிற்சி மட்டும் போதும்.

இப்படி யோசித்து எழுதிய நான்கு கேள்விகள் போதும், பத்து வேண்டாம். விடைகளின் வரிசை ஆளுக்கு ஆள் மாறும்படி வையுங்கள். மதிப்பெண் உடனே தெரியாமல், நீங்கள் பார்த்தபின் வெளியிடும்படியும் வைக்கலாம். இல்லாவிட்டால் முதலில் முடித்தவன் விடையைக் குரூப்பில் போட்டுவிடுவான்.

கேள்வி (சயான் கோலிவாடா, பள்ளி ஆசிரியர்): பல வீடுகளில் ஒரே போன்தான். அதுவும் அப்பா வேலை முடிந்து வந்தபின்தான் கிடைக்கும். என்ன செய்வது?

பதில்: முதலில் ஃபார்ம்ஸில் 'ஒருவருக்கு ஒரு பதில்' என்ற கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள் சார். அது கூகுள் கணக்கை வைத்துத்தான் ஆளை எண்ணும். அப்பாவின் கணக்கில் அக்கா பதில் அனுப்பிவிட்டால் தம்பிக்கு வழி அடைபடும். பெயரும் வகுப்பும் கேட்டுக்கொண்டால் போதும். கெடுவை மறுநாள் காலை வரை நீட்டுங்கள்.

இன்னும் நல்ல வழி, பிள்ளைகளுக்குப் போனே தேவைப்படாத பிளிக்கர்ஸ் (Plickers) செயலி. ஆளுக்கு ஒரு அட்டையை அச்சடித்துக் கொடுப்பீர்கள். அட்டையின் எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ, அதுவே அந்தப் பிள்ளையின் விடை: ஏ, பி, சி அல்லது டி. உங்கள் போன் கேமராவை வகுப்பைச் சுற்றி ஒருமுறை காட்டினால் எல்லாம் பதிவாகிவிடும். அட்டைக்கு அட்டை வடிவம் வேறு என்பதால் பக்கத்து அட்டையைப் பார்த்து விடை பிடிப்பதும் கஷ்டம். வாய்விட்டுப் பதில் சொல்லக் கூச்சப்படும் பிள்ளையும் அட்டையைத் தூக்கும். இதற்காகவே எனக்கு இந்தக் கருவி பிடிக்கும்.

கேள்வி (செம்பூர், அறிவியல் ஆசிரியை): வீடியோ போட்டால் அமைதியாகப் பார்க்கிறார்கள். ஆனால் மனதில் ஏறியதா என்றே தெரியவில்லை.

பதில்: மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள். பாடநூலில் கியூஆர் குறியீடு இருந்தால் மத்திய அரசு 2017-இல் தொடங்கிய திக்‌ஷா செயலியில் அந்தப் பாடத்துக்கான வீடியோக்கள் கிடைக்கும். முன்கூட்டியே தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம்.

அறிவியலுக்கு நான் பரிந்துரைப்பது ஃபெட் (PhET) சிமுலேஷன்கள், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இலவசம், பல சிமுலேஷன்கள் தமிழிலும் உண்டு. மின்சுற்றைத் திரையில் போட்டு, "இன்னொரு பல்பைத் தொடராக இணைத்தால் முதல் பல்பு என்ன ஆகும்?" என்று கேளுங்கள். அதே வெளிச்சம், மங்கும், அணையும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதியபின்தான் பல்பை இணைக்க வேண்டும். எழுதிவிட்ட பிள்ளை திரையைப் பார்க்கும் கண்ணே வேறு.

கேள்வி (மாட்டுங்கா, தமிழாசிரியர்): கட்டுரைகளை சாட்ஜிபிடியில் எழுதி வாங்கி வருகிறார்கள். கண்டுபிடிக்கக் கருவி உண்டா?

பதில்: கருவிகள் இருக்கின்றன, ஆனால் நம்பி ஒரு பிள்ளையைக் குற்றம் சொல்லும் அளவுக்கு இல்லை. சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே இதற்காக ஒன்றை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. சொந்தமாக எழுதிய பிள்ளையைக் கள்ளன் என்று சொல்லிவிட்டால் அது அப்புறம் பேனாவையே தொடாது. முதல் வரைவை வகுப்பிலேயே கையால் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் திருத்தி வந்ததைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். "இந்த உதாரணத்தை ஏன் போட்டாய்?" என்ற ஒரே கேள்வியில் பெரும்பாலும் விஷயம் தெரிந்துவிடும்.

கேள்வி (அதே ஆசிரியர்): தமிழில் தட்டச்சுப் பழக்க வேண்டுமா?

பதில்: பெரிய வகுப்புகளுக்குத் தமிழ்99 விசைப்பலகை பழக்கலாம். சின்னப் பிள்ளைகள் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பட்டும். வாசிப்புக்கு வாட்ஸ்அப் குரல் பதிவு போதும். சரியாக வரவில்லை என்று பிள்ளையே அழித்துவிட்டு மறுபடி மறுபடி வாசித்துப் பதியும். நமக்கு வேண்டிய பயிற்சி அங்கேயே நடந்துவிடுகிறது.

கேள்வி (ஆண்டாப் ஹில், ஒரு அம்மா): டியூஷன் குரூப்பில் எல்லாப் பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் போடுகிறார்கள். என் மகன் கூனிக்குறுகிப் போகிறான்.

பதில்: நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக அனுப்ப முடியும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது தப்புதான்.

கேள்வி (முலுண்ட், ஒரு அப்பா): மகள் பாட வீடியோவை இரண்டு, மூன்று முறை பார்க்கிறாள், எல்லாம் புரிகிறது என்கிறாள். தேர்வில் மறந்துவிடுகிறது. காசு கட்டி வேறு செயலி வாங்கலாமா?

பதில்: வேண்டாம் சார். ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறேன். ஒரு பத்தியை ஒரு குழு திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் கூடுதலாக நினைவிருந்தது. உங்கள் மகள் "புரிகிறது" என்று சொல்வது அந்த ஐந்தாவது நிமிட நிலை.

வீடியோவை ஒருமுறை பார்க்கட்டும். மூடிவிட்டு, நினைவுக்கு வருவதை வெள்ளைத்தாளில் எழுதட்டும். விட்டதை மட்டும் திரும்பப் பார்க்கட்டும். சூத்திரம், சொற்பொருள் மாதிரி விஷயங்களுக்கு அங்கி (Anki) செயலியில் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை என்று அட்டைகள் செய்துகொள்ளலாம். கஷ்டமான அட்டை சீக்கிரமும் சுலபமானது நாள் கழித்தும் திரும்ப வரும். ஆண்ட்ராய்டில் அது இலவசம். ஆனால் அட்டைகளை அவளே எழுத வேண்டும், நீங்கள் செய்து கொடுக்காதீர்கள்.