டார்ச்சின் ரப்பர் வளையத்துக்கு எதைத் தடவுவது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் எல்இடி டார்ச்சின் பின்மூடியைத் திருகினால் கிறீச் என்று சத்தம் வருகிறது, இறுக்கமாகவும் இருக்கிறது. மரையை ஒட்டி இருக்கும் கறுப்பு ரப்பர் வளையம் காய்ந்து போய்விட்டது. வீட்டில் தேங்காய் எண்ணெய், வாஸ்லின், டபிள்யூடி-40, பைக் செயின் ஸ்பிரே இருக்கின்றன. எதைப் போடலாம்?"

நாலையும் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ். ஒரு சின்ன டியூப் வாங்கினால் வீட்டில் இருக்கும் எல்லா டார்ச்சுக்கும் பல வருஷம் வரும். ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு எல்லா ரப்பரிலும் தடவிவிட முடியாது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்த வளையத்தை ஓ ரிங் என்பார்கள். பள்ளத்துக்கும் மூடிக்கும் நடுவில் நசுங்கி உட்கார்ந்துதான் அது தண்ணீரைத் தடுக்கிறது. கிரீஸ் தடவுவது தண்ணீரைத் தடுக்க என்று பலர் நினைத்து அப்பிவிடுகிறார்கள். உண்மையில் கிரீஸின் வேலை, மூடியைத் திருகும்போது ரப்பர் முறுக்கிக்கொள்ளாமல், மரையின் விளிம்பில் வெட்டுப்படாமல் வழுக்கிப் போக விடுவது, அவ்வளவுதான். காய்ந்த ரப்பரைப் பத்து தடவை திருகினால் எங்கேயாவது ஒரு கீறல் விழும், அந்தக் கீறல் வழியாகத்தான் மழைத்தண்ணீர் பேட்டரி வரைக்கும் போகும்.

இனி எண்ணெய் விஷயம். ரப்பருக்கும் எண்ணெய்க்கும் குணம் ஒத்துப்போனால் ரப்பர் அந்த எண்ணெயைக் குடித்து ஊதிவிடும், தொட்டால் கொழகொழவென்று ஆகிவிடும். டார்ச்சில் பெரும்பாலும் வருவது நைட்ரைல் ரப்பர், இது பெட்ரோலிய எண்ணெயை நன்றாகவே தாங்கும். ஈபிடிஎம் என்று இன்னொரு வகை இருக்கிறது, அதுவும் கறுப்புதான், பார்த்தால் வித்தியாசம் தெரியாது, ஆனால் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் மோசமாக ஊதும். நான் ஒருமுறை கையில் கிடைத்த மெஷின் ஆயிலை ஒரு டார்ச்சில் விட்டுவிட்டு மறந்துவிட்டேன். அடுத்த மாதம் திறந்தால், வளையம் பெருத்து, பள்ளத்தை விட்டு வெளியே வந்து, தளர்ந்த வளையல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. எந்த ரப்பர் என்று தெரியாத நமக்கு சிலிக்கோன் கிரீஸ் வசதியாக இருப்பது இதனால்தான்: நைட்ரைல், ஈபிடிஎம் இரண்டையும் அது ஒன்றும் செய்யாது.

அது கெடுப்பது சிலிக்கோன் ரப்பரை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சிவப்பு, நீலம், இருட்டில் ஒளிரும் பச்சை என்று வண்ணத்தில் வரும் வளையங்கள் பெரும்பாலும் சிலிக்கோன் ரப்பர்தான். சுவிட்சின் மேலே இருக்கும் மெத்தென்ற மூடியும், சார்ஜ் துளையை மூடும் சின்ன ரப்பரும் பல டார்ச்சுகளில் அதே ரகம். இனம் இனத்தோடு சேரும் கதைதான், கிரீஸில் இருக்கும் சிலிக்கோன் எண்ணெயைச் சிலிக்கோன் ரப்பர் குடித்துவிடும். ஆகவே கறுப்பு வளையத்துக்கு மட்டும் தடவுங்கள், மற்ற இடத்தில் பட்டால் துடைத்துவிடுங்கள். வளையமே வண்ணமாக இருந்தால், அதே அளவில் கறுப்பு நைட்ரைல் வளையம் வாங்கி மாற்றுவது சுலபம், விலையும் பெரிதாக இருக்காது.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். தேங்காய் எண்ணெய் காலப்போக்கில் சிக்குப் பிடித்துப் பிசின் மாதிரி ஆகும், மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும். வாஸ்லின் பெட்ரோலிய ஜாதி. நைட்ரைல் என்று உறுதியாகத் தெரிந்தால் அவசரத்துக்குத் தடவலாம், ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் டார்ச் கிடந்தால் உருகி ஓடிவிடும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டுவதற்காக 1953-இல் உருவான திரவம், அதில் பெரும்பகுதி கரைப்பான். ஏற்கெனவே இருக்கும் நல்ல கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும். செயின் ஸ்பிரே தூசியை இழுத்து ஒட்டவைக்கும், அதிலும் கரைப்பான் உண்டு.

கடையில் கேட்கும்போது கவனம். ஹார்டுவேர் கடையில் "சிலிக்கோன்" என்று மட்டும் கேட்டால் மீன்தொட்டி ஒட்டும் பசையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், அதைத் தடவினால் அப்புறம் டார்ச்சைத் திறக்கவே முடியாது! கம்ப்யூட்டர் பிராசசருக்குப் போடும் வெள்ளை தெர்மல் பேஸ்டும் வேண்டாம், அதில் உலோக ஆக்ஸைடு தூள் கலந்திருக்கும். ஆர்ஓ தண்ணீர் ஃபில்டர் சர்வீஸ் செய்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஃபில்டர் கூட்டின் ஓ ரிங்குக்கு அவர்கள் போடுவதும் சிலிக்கோன் கிரீஸ்தான். பெயர் சொல்லி வாங்க வேண்டுமென்றால் மோலிகோட் 111. டார்ச் பைத்தியங்கள் நையோஜெல் 760ஜி-யைப் புகழ்வார்கள். நல்ல சரக்குதான், ஆனால் அது செயற்கை ஹைட்ரோகார்பன் எண்ணெயில் செய்த கிரீஸ், பெட்ரோலிய எண்ணெய் மாதிரிதான், ஈபிடிஎம்முக்கு ஆகாது. கிரைடாக்ஸ் என்ற இன்னொரு கிரீஸ் ஏறக்குறைய எந்த ரப்பரையும் ஒன்றும் செய்யாது, விலைதான் நம்மைச் செய்துவிடும்.

தடவும் முறை எளிது. முதலில் பேட்டரியை எடுத்துவிடுங்கள். வளையத்தை இரண்டு விரலால் கிள்ளித் தள்ளினால் ஒரு பக்கம் வளைந்து எழும்பும், அங்கே மரப் பல்குச்சியை விட்டு எடுங்கள். ஊசி, கத்தி வேண்டாம். வளையத்தையும் பள்ளத்தையும் மரையையும் நூல் உதிராத துணியால் துடையுங்கள். பெட்ரோல், தின்னர் பக்கம் போகாதீர்கள். மரையில் கறுப்பாக மை மாதிரி வருவது தேய்ந்த அலுமினியத் தூள் பழைய கிரீஸோடு கலந்தது, அது உப்புத்தாள் வேலை செய்யும், முழுக்கப் போகட்டும். பிறகு அரை அரிசி அளவு கிரீஸை விரல் நுனியில் எடுத்து வளையம் முழுக்க உருட்டுங்கள். ரப்பர் பளபளக்க வேண்டும், வெள்ளையாக அப்பியிருந்தால் அதிகம். மரைக்கும் லேசாகக் காட்டலாம். ஆனால் பல டார்ச்சுகளில் குழாயின் வெறும் உலோக விளிம்பு மூடியைத் தொட்டுத்தான் மின்சாரம் போகிறது, சிலிக்கோன் கிரீஸோ மின்சாரம் கடத்தாது. அந்த விளிம்பைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் விளக்கு மினுக் மினுக் என்று கண்சிமிட்டும், நீங்கள் பேட்டரியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

வளையம் ஏற்கெனவே ஊதியோ வெடித்தோ இருந்தால் கிரீஸ் காப்பாற்றாது, மாற்றுங்கள். டார்ச் வாங்கிய பெட்டிக்குள் இரண்டு உபரி வளையம் கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

எல்லாம் முடிந்ததும், டார்ச் தண்ணீரில் முங்கலாம் என்று அதன் பெட்டியில் போட்டிருந்தால், பேட்டரியைப் போடுவதற்கு முன்பு உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி வைத்து மூடி, அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் அமுக்கி வையுங்கள். வெளியே நன்றாகத் துடைத்துவிட்டுத் திறந்து பாருங்கள், பேப்பர் காய்ந்திருந்தால் பேட்டரியைப் போட்டுக்கொள்ளலாம்.