65 வயதில்தான் தொடங்கியதா அவர் இசை?

கேள்வி: அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான புளூஸைப் பாடிய டெக்சஸ் பாடகர் மான்ஸ் லிப்ஸ்கம் 65 வயதில்தான் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தார் என்று படித்தேன். அவ்வளவு திறமை இருந்தும் இளமையிலேயே சிகாகோ போன்ற நகரத்துக்குப் போகாமல் பருத்திக் காட்டிலேயே வாழ்நாளை வீணடித்துவிட்டாரே! துணிச்சல் இல்லாததுதானே காரணம்?

பதில்: இல்லை. இசைத்தட்டு வெளிவந்த நாளில்தான் ஒரு கலைஞரின் வாழ்க்கை தொடங்குகிறது என்று நீங்கள் வைத்துக்கொண்டதே பிழை. 1895-இல் டெக்சஸின் நவசோட்டா என்ற ஊரை ஒட்டிய பிரேஸஸ் ஆற்றுப் படுகையில் பிறந்த லிப்ஸ்கம், அலபாமாவில் அடிமையாகப் பிறந்து பிடில் வாசித்துவந்த ஒருவரின் மகன். சிறுவயதிலேயே கிட்டாரைக் கையில் எடுத்த அவர், வாரமெல்லாம் கலப்பை பிடித்துவிட்டு, சனிக்கிழமை இரவுகளில் பண்ணைத் தொழிலாளர்களின் வீடுகளில் விடிய விடிய நடந்த விருந்துகளுக்குப் பல பத்தாண்டுகள் வாசித்தார். அங்கே ஒலிபெருக்கி இல்லை; ஆடுகிறவர்களின் கால்களுக்கு வேண்டிய தாளத்தையும் ஒற்றைக் கிட்டாரே தந்தாக வேண்டும். கட்டைவிரல் அடித்தந்திகளில் ஒரே சீராக விழுந்துகொண்டிருக்க, மற்ற விரல்கள் மேல்தந்திகளில் மெட்டைப் பின்னிச் செல்லும் அவருடைய வாசிப்பு அந்தத் தேவையில் உருவானது. புளூஸ் மட்டுமல்லாமல் வால்ட்ஸ் நடன இசை, பழைய கதைப்பாடல்கள், தேவாலயப் பாடல்கள் என்று கேட்டதையெல்லாம் பாட வேண்டியிருந்ததால் சில நூறு பாடல்கள் அவருக்கு மனப்பாடம். ஒரு வட்டாரமே தன் மகிழ்ச்சிக்கு நம்பியிருந்த மனிதரின் இந்த ஆண்டுகளை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஊரைவிட்டுப் போவது அவ்வளவு எளிதாகவும் இருக்கவில்லை. அவர் பிறர் நிலத்தில் விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் வாரமுறையில் பயிரிட்டவர். விதையிலிருந்து வீட்டுக்கு வேண்டிய மாவு வரை நிலக்காரர் கடனாகத் தருவார்; பருத்தி விற்றபின் கணக்கு எழுதுகிறவரும் அவரே என்பதால், எவ்வளவு விளைந்தாலும் கடன் அடுத்த ஆண்டுக்கும் நீளும். 1950-களின் நடுவில்தான் லிப்ஸ்கம் ஹூஸ்டனுக்குப் போய் ஒரு மரக்கிடங்கில் வேலை பார்த்தார். அங்கே நேர்ந்த விபத்துக்குக் கிடைத்த இழப்பீட்டைக் கொண்டு நவசோட்டாவில் சொந்தமாக நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டார். 1960 கோடையில் இசைப்பதிவாளர் கிறிஸ் ஸ்ட்ராக்விட்ஸும் நாட்டுப்புற இசை ஆய்வாளர் மேக் மெக்கார்மிக்கும் தேடி வந்தபோது அவர் நெடுஞ்சாலை ஓரத்தில் புல் வெட்டும் வேலையில் இருந்தார். அந்த வீட்டிலேயே பதிவான பாடல்கள்தான் ஸ்ட்ராக்விட்ஸ் தொடங்கிய ஆர்ஹூலி இசைத்தட்டு நிறுவனத்தின் முதல் இசைத்தட்டு ஆயின. அடுத்த ஆண்டே கலிஃபோர்னியாவின் பெர்க்லி நாட்டுப்புற இசை விழாவில் பாடினார்.

சிகாகோவுக்குப் போனவரின் கதையையும் கேளுங்கள். அதே டெக்சஸைச் சேர்ந்த புளூஸ் பாடகர் பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் 1920-களில் அங்கே சென்று, ஏறக்குறைய நூறு பாடல்களைப் பதிவு செய்து, நாடறிந்த புகழ் பெற்றார். 1929 டிசம்பர்க் குளிரில், நாற்பது வயதைக்கூட எட்டாமல், அதே நகரத்தில் இறந்துபோனார். டெக்சஸின் வொர்தம் ஊரில் அவர் புதைக்கப்பட்ட இடத்துக்கு 1967 வரை ஓர் அடையாளப் பலகைகூட இல்லை. நகரமும் இசைத்தட்டுகளும் அவரைக் காப்பாற்றிவிடவில்லை.

துணிச்சலைப் பற்றிக் கேட்டீர்கள். நவசோட்டாப் பகுதியின் பெரும் பண்ணையார் டாம் மூர். அவரிடம் சில காலம் வேலை செய்த லிப்ஸ்கம், அந்தப் பண்ணையின் கொடுமையைப் பெயர் சொல்லியே பாடும் பாட்டை 1960-இல் பதிவு செய்ய இசைந்தார். பழிவாங்குவார்கள் என்ற அச்சத்தால் இசைத்தட்டில் பாடகரின் பெயர் போடப்படவில்லை. அந்த அச்சத்தையா கோழைத்தனம் என்கிறீர்கள்? பாட்டைப் பதிவு செய்தவர்கள் மறுநாள் தங்கள் ஊருக்குத் திரும்பிவிடலாம். லிப்ஸ்கம்மும் அவர் மனைவி மக்களும் அதே ஊரில்தான் இருந்தாக வேண்டும். 1976 ஜனவரியில் இறக்கும் வரை அவர் அங்கேதான் வாழ்ந்தார்.