கெலுலுட் தேன் ஏன் புளிக்கிறது?

பினாங்கு பாலேக் பூலாவில் வீட்டுக்குப் பின்னால் கெலுலுட் எனும் கொட்டாத சிறு தேனீக்கள் கூடு கட்டிய மரக்கட்டைகளை வைத்துத் தேன் எடுக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

பட்டர்வொர்த் வாசகி: பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய கெலுலுட் தேன் தண்ணீர் மாதிரி இருக்கிறது, புளிக்கிறது. மூடியைத் திறந்தால் 'டப்' என்று சத்தம் வேறு. ஏமாந்துவிட்டேனா அண்ணே?

இதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது அக்கா. சாதாரணத் தேனில் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது கணக்கு. கெலுலுட் தேனில் அது 30ஐக்கூடத் தொடும். ஊரில் கொசுத்தேனீ என்பார்களே, கெலுலுட்டும் அந்த வகைதான். அடை கட்டாது. மெழுகும் மரப்பிசினும் குழைத்து, திராட்சைப்பழ அளவில் குடம் குடமாகச் செய்து தேனை நிரப்பும். அதற்குள்ளேயே கொஞ்சம் நொதிப்பதால்தான் புளிப்பு.

கட்டை மேலுள்ள பெட்டியைத் திறந்து, ஒரு குடத்தில் ஸ்ட்ராவைக் குத்தி உறிஞ்சிப் பாருங்கள். முதலில் புளிப்பு, அப்புறம் இனிப்பு, கடைசியில் பிசினின் லேசான கசப்பு. பாகு மாதிரி வெறும் இனிப்பாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

போத்தலுக்குள்ளும் நொதிப்பு தொடர்வதால்தான் அந்த 'டப்'. போத்தலைக் குளிர்பெட்டியில் வையுங்கள், மூடியை அவ்வப்போது தளர்த்திவிடுங்கள். நான் ஒருமுறை மேசையில் மறந்து வைத்த போத்தல் வெடித்து, இரண்டு நாள் எறும்போடு மல்லுக்கட்டினேன்.

கிள்ளான் வாசகர்: அசல் தேனில் எறும்பு மொய்க்காது, தேன் தடவிய தீக்குச்சி எரியும் என்கிறார்களே?

எறும்பு கதையைத்தான் மேலே சொன்னேனே! தீக்குச்சியும் வேண்டாம், ஈரம் மிகுந்த கெலுலுட் தேன் அதில் தோற்றே போகும். உறுதியாகத் தெரிய ஆய்வுக்கூடம்தான் வழி. 2020இல் மலேசிய, ஆஸ்திரேலிய, பிரேசில் கொட்டாத தேனீக்களின் தேனில் டிரெஹாலுலோஸ் என்ற அரிய சர்க்கரை நிறைய இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். சீனிப்பாகில் அது கிடையாது.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: கெலுலுட் தேனில் வீட்டிலேயே 'மீட்' (தேன் மது) போடலாமா?

தம்பி, முதலில் சட்டம். இங்கே மது தயாரிக்க 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி உரிமம் வேண்டும். அதனால் நான் போடுவதில்லை. மெல்பர்னில் என் அக்கா மகன் போடுகிறான். அவன் செய்வதைச் சொல்கிறேன். ஒரு கிலோ தேனில் தண்ணீர் சேர்த்து நான்கு லிட்டராக்கி ஒயின் ஈஸ்ட் போடுகிறான். தேனில் நைட்ரஜன் குறைவு, ஈஸ்ட் பாதியிலேயே சோர்ந்துவிடும். அதற்காக ஈஸ்ட் உணவும் சேர்க்கிறான். 20 பாகை சூட்டில் சில வாரம் நொதிக்கவிட்டு, அப்புறம் மாதக்கணக்கில் தொடாமல் வைக்கிறான். நம்ம ஊர் 32 பாகையில் விட்டால் சாராய நெடிதான் மிஞ்சும்.

தேன் மது புதுசு என்று நினைக்காதீர்கள். மூங்கிலுக்குள் விளையவைத்த தேன் தேறலைச் சங்கப் புலவர்களே பாடியிருக்கிறார்கள்.

கெலுலுட் தேனில் போட வேண்டுமா என்றால், என் மனம் ஒப்பாது. விலையும் அதிகம், அந்தப் புளிப்பும் வாசனையும் நொதித்தலில் பாதி போய்விடும்.

ஜெலுத்தோங் வாசகி: எட்டு மாதக் குழந்தைக்கு நாக்கில் தடவலாமா?

கூடவே கூடாது அம்மா. ஒரு வயது முடியும்வரை எந்தத் தேனும் வேண்டாம். பொட்டுலிசம் கிருமியின் வித்து அதில் இருக்கலாம். பாட்டி கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

ஆயர் ஈத்தாம் வாசகர்: கெலுலுட் கொட்டாதாமே, பிள்ளைகள் கிட்டே போகலாமா?

கொட்டாது, கடிக்கும். கூட்டைத் திறந்தால் தலைமுடிக்குள் புகுந்து பிசினை ஒட்டிவிடும். எனக்கு முடி இல்லாதது ஒரு வசதி.