லாரி கிரேன்: லீவரைத் தொடுவதற்கு முன் கற்க வேண்டியவை

லாரியிலேயே பொருத்தப்பட்ட கிரேன்களை இயக்குவோருக்கான பயிற்சி குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: கம்பி, சிமெண்ட், பைப் விற்கும் கடை வைத்திருக்கிறேன். இறக்குகூலிக்கு ஆள் கிடைக்காததால் கிரேன் பொருத்திய லாரி ஒன்றை வாங்கியுள்ளேன். என் ஓட்டுநர் கனரக வாகன உரிமம் வைத்திருப்பவர், முன்பு ஹைட்ரா வகைக் கிரேனும் ஓட்டியவர். விற்பனையாளர் அரை நாள் வந்து இயக்கிக் காட்டினார். அது போதாதா?
— வணிகர், நாமக்கல்

பதில்: போதாது. ஓட்டுநர் உரிமம், அவர் அந்த லாரியைச் சாலையில் ஓட்டத் தகுதி பெற்றவர் என்பதை மட்டுமே காட்டுகிறது. வண்டியை நிறுத்தி, அதைச் சாயாமல் தாங்கும் ஜாக்கிகளைத் தரையில் இறக்கி, ஒரு சுமையைத் தூக்கி மதிலுக்கு அப்பால் வைக்கத் தெரிந்தவர் என்று அது எங்கும் சொல்வதில்லை. ஹைட்ராவில் அவர் பெற்ற பழக்கமோ இங்கே சில வேளைகளில் தடையாகவே அமையும். ஹைட்ராவின் பூம், அதாவது சுமையைத் தூக்கும் நீண்ட கை, தனியே சுழல்வதில்லை. சுமை எப்போதும் வண்டிக்கு முன்னால் தொங்கும், அதைத் தூக்கியபடியே வண்டி நகரும். லாரி கிரேனில் எல்லாமே வேறு. சுமை கொக்கியில் இருக்கும்போது வண்டி நகரவே கூடாது, பூம் சுழலும், அது சுழலும் திசைக்கு ஏற்ப வண்டியின் நிலைப்பும் மாறிக்கொண்டே இருக்கும். கேபினுக்குப் பின்னால் பொருத்தப்பட்ட கிரேன், பின்பக்கமாகத் தாங்கிய அதே சுமையைக் கேபினுக்கு மேலாக முன்பக்கம் கொண்டுவரும்போது தாங்காமல் போகலாம். அந்தப் பக்கத்தில் எவ்வளவு தூக்கலாம், தூக்கவே கூடாதா என்பதைத் தயாரிப்பாளரின் கையேடுதான் முடிவு செய்யும்.

இன்னொன்றையும் உங்கள் ஓட்டுநர் பயிற்சியில்தான் கற்பார். நிறைய சரக்குடன் வந்து நிற்கும் லாரி, தளத்தில் உள்ள சரக்கின் எடையாலேயே உறுதியாக நிற்கும். முதல் ஐந்து கட்டுகள் சிரமமின்றி இறங்குவதால் இயக்குபவருக்கு நம்பிக்கை கூடுகிறது; ஆனால் ஒவ்வொரு கட்டு இறங்கும்போதும் வண்டியைப் பிடித்து வைத்திருக்கும் எடை குறைகிறது. கடைசிக் கட்டைத் தூக்கும்போது, அதுவும் பூமை நன்றாக நீட்டித் தூக்கும்போது, வண்டி சாயக்கூடும். முதல் கட்டைத் தூக்க முடிந்ததே என்ற நினைப்பு அந்த நேரத்தில் உயிரை வாங்கிவிடும்.

விற்பனையாளர் காட்டியது அந்த இயந்திரத்தின் அறிமுகம், அதுவும் தேவைதான். அதற்கு மேல், வகுப்பும் நேரடிப் பயிற்சியும் சேர்ந்து சில நாட்கள், பிறகு அனுபவமுள்ள ஒருவர் அருகில் நின்று கண்காணிக்கச் சில வாரங்கள் என்பதே நியாயமான குறைந்தபட்சம் என்று கருதுகிறேன். பிரிட்டனில் லாரி கிரேன் துறையின் சங்கமான ஆல்மி வழங்கும் இயக்குநர் அட்டை 5 ஆண்டுகளுக்கே செல்லும். அதன் பிறகு மறுபயிற்சி உண்டு. பழக்கம் ஏற ஏறக் கவனம் தளர்வதை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அந்தப் பயிற்சியின் முதல் நாளிலாவது நீங்களும் உட்காருங்கள். வாடிக்கையாளர் தொலைபேசியில், "மாடியிலேயே வைத்துவிடுங்கள்" என்று கேட்கும்போது சரி என்று சொல்பவர் நீங்கள். அந்த வாக்கைக் காப்பாற்ற முயல்பவர் உங்கள் ஓட்டுநர்.

கேள்வி: எங்கள் கிரேனில் 5 டன் என்று எழுதியிருக்கிறது. ஆனால் ஒன்றரை டன் கம்பிக் கட்டைத் தூரத்தில் வைக்கப் போனால் அலாரம் அடித்து நின்றுவிடுகிறது. சென்சாரைக் கழற்றிவிட்டால் வேலை நடக்கும் என்கிறார்கள்.
— இயக்குநர், திருவள்ளூர்

பதில்: கழற்றாதீர்கள். அந்தக் கருவி பழுதாகவில்லை, உங்களை எச்சரிக்கிறது.

கிரேனின் திறனை டன்னில் மட்டும் சொல்வதால் வருவதே இந்தக் குழப்பம். எடையையும், சுழலும் தூணின் மையத்திலிருந்து கொக்கி வரையுள்ள கிடைத்தொலைவையும் பெருக்கினால் வருவது டன்-மீட்டர். கிரேனின் உண்மையான அளவு அதுதான். தூக்குக்கோலில் ஒரே படிக்கல் தள்ளி நகர நகரக் கூடுதல் எடைக்கு ஈடாவதுபோல, ஒரே கட்டு தள்ளிப் போகப் போகக் கூடுதல் சுமையாகிறது. 10 டன்-மீட்டர் கிரேன் ஒன்று 2 மீட்டரில் 5 டன்னும், 5 மீட்டரில் 2 டன்னும், 10 மீட்டரில் 1 டன்னும் தூக்கும் என்பது வெறும் பெருக்கல் கணக்கு. பூமுக்கும் எடை உண்டு என்பதால், தொலைவு கூடும்போது லோடு சார்ட்டில் (எந்தத் தொலைவில் எவ்வளவு தூக்கலாம் என்று காட்டும் அட்டவணையில்) உள்ள எண்கள் இதைவிடக் குறைவாகவே இருக்கும். கொக்கிக்குக் கீழே தொங்கும் ஸ்லிங் (சுமையைக் கட்டும் பெல்ட் அல்லது கயிறு), ஷேக்கிள் (இணைப்பு வளையம்), சங்கிலி ஆகியவையும் சுமையில் சேர்த்தி. ஆகவே உங்கள் கிரேனில் எழுதியிருக்கும் 5 டன், வண்டியை ஒட்டிய தொலைவுக்கு மட்டுமே பொருந்தும்.

எடையையும் பலர் குத்துமதிப்பாகவே சொல்கிறார்கள். கம்பி வியாபாரத்தில் இருப்பவர்களுக்குச் சூத்திரம் தெரியும்: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 16 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஏறத்தாழ 19 கிலோ, நூறு கம்பிகள் சேர்ந்தால் 1.9 டன். உங்கள் "ஒன்றரை டன்" கட்டில் எத்தனை கம்பிகள் இருக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கான்கிரீட்டுக்கு ஒரு கன மீட்டருக்கு 2.5 டன் என்று கொள்ளலாம்.

ஸ்லிங்கின் கோணமும் கணக்கில் வர வேண்டும். இரண்டு கால் ஸ்லிங்கில் கால்களுக்கு இடையே 60 பாகை இருந்தால் ஒவ்வொரு காலும் சுமையின் 58 விழுக்காட்டைத் தாங்குகிறது. 90 பாகையில் 71 விழுக்காடு. 120 பாகை விரிந்தால் ஒவ்வொரு காலும் முழுச் சுமையையும் தாங்க வேண்டியிருக்கும். நீளம் போதாத பெல்ட்டை இழுத்துப் பிடித்து மாட்டுவது இதனால்தான் ஆபத்தாகிறது.

கேள்வி: வயல் ஓரங்களிலும் புதிதாக மண் கொட்டிய மனைகளிலும் இறக்க வேண்டியிருக்கிறது. ஜாக்கிக்கு அடியில் பலகை போடுகிறோம். எவ்வளவு பெரிய பலகை போதும்?
— லாரி உரிமையாளர், தஞ்சாவூர்

பதில்: கணக்கிட்டே பார்க்கலாம். ஒரு ஜாக்கியின் மேல் 8 டன் இறங்குவதாகக் கொள்வோம். ஜாக்கியின் பாதம் 20க்கு 20 சென்டிமீட்டர் என்றால், மண்ணின் மேல் விழும் அழுத்தம் சதுர மீட்டருக்கு 200 டன். அதற்கடியில் வளையாத, 60க்கு 60 சென்டிமீட்டர் பலகையை வைத்தால் அது 22 டன்னாகக் குறைகிறது. 1 மீட்டருக்கு 1 மீட்டர் பலகை என்றால் 8 டன். டெல்டாவின் நனைந்த களிமண்ணோ புதிதாகக் கொட்டிய மண்ணோ 22 டன்னைத் தாங்கும் என்று நம்ப முடியாது. மெல்லிய பிளைவுட் நடுவில் வளைந்துவிடும்; வளைந்த பலகையின் ஓரங்கள் எதையும் தாங்குவதில்லை.

வாய்க்கால், செப்டிக் தொட்டி, மூடிய பழைய கிணறு, கழிவுநீர்க் குழாய் ஆகியவை எங்கே இருக்கின்றன என்று இடத்துக்காரரிடம் கேட்காமல் ஜாக்கியை இறக்கக் கூடாது. பள்ளத்தின் விளிம்பிலிருந்து பள்ளத்தின் ஆழத்துக்குச் சமமான தூரமாவது தள்ளி நிற்க வேண்டும். மண் இளகியிருந்தால் இரண்டு மடங்கு. இடம் நெருக்கமாக இருப்பதால் ஒரு பக்க ஜாக்கியைப் பாதி மட்டும் நீட்டிவிட்டு முழுத் திறனுக்குரிய எண்ணை அட்டவணையில் பார்ப்பது மிகப் பரவலான தவறு. தூக்கிய சுமையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே சற்று நிறுத்தி, எல்லா ஜாக்கிகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு மேலே கொண்டு செல்லும் வழக்கத்தைப் பயிற்சியிலேயே ஊன்ற வேண்டும்.

கேள்வி: என் கணவர் லாரி கிரேன் இயக்குபவர். கீழே தரையில் நின்றுதான் லீவர்களை இயக்குவார். வீதிகளில் மின்கம்பிகள் தாழ்வாக இருக்கின்றன. அவர் எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: இந்த வேலையின் மிகக் கொடிய ஆபத்தையே நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், அம்மா. பூம் மின்கம்பியைத் தொட்டால் வண்டி முழுவதும் மின்னேற்றம் பெறுகிறது. கேபினுக்குள் இருப்பவர் உள்ளேயே இருந்தால் தப்பிக்க வழியுண்டு. ஆனால் தரையில் கால் ஊன்றி லீவரைக் கையில் பிடித்திருப்பவரின் உடல் வழியாகவே மின்சாரம் மண்ணுக்கு இறங்கும். 11 கிலோவோல்ட், 33 கிலோவோல்ட் கம்பிகளில் மின்சாரம் பாயப் பூம் தொட வேண்டியதே இல்லை, மிக நெருங்கினாலே போதும்.

பிரிட்டனின் பாதுகாப்பு வழிகாட்டுதல், கம்பங்களில் செல்லும் கம்பியிலிருந்து 9 மீட்டருக்குள்ளும், கோபுரங்களில் செல்லும் கம்பியிலிருந்து 15 மீட்டருக்குள்ளும் மின்வாரியத்தின் ஆலோசனையின்றி வேலையைத் தொடங்கக் கூடாது என்கிறது. நம் வீதிகளில் அவ்வளவு இடம் கிடைப்பது அரிது என்பதை அறிவேன். அப்படியானால் மின்சாரத்தை நிறுத்தித் தரச் சொல்லி எழுதிக் கேட்க வேண்டும். அதுவும் இயலாவிட்டால் தெருமுனையில் இறக்கிவிட்டு ஆட்களை வைத்துச் சுமக்க வேண்டும். கம்பியை மட்டுமே பார்ப்பதற்கென்று ஒருவரை நிறுத்த வேண்டும். இயக்குபவரின் கண் சுமையில் இருப்பதால் அவரால் இரண்டையும் பார்க்க முடியாது. ரிமோட் வசதியுள்ள கிரேன் என்றால் அவர் வண்டியைத் தொடாமல் தள்ளி நிற்கலாம். முதலாளியிடம் வற்புறுத்திக் கேட்கத் தக்க செலவு அது.

மின்சாரம் பாய்ந்துவிட்டால் வண்டியில் இருப்பவர் அங்கேயே இருக்க வேண்டும், வெளியே இருப்பவர் எவரும் அவரைக் காப்பாற்ற ஓடிவந்து வண்டியைத் தொடக் கூடாது. தீப்பிடித்து இறங்கியே தீர வேண்டுமானால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, கால்களைத் தூக்காமல் உரசியபடி சிறு சிறு அடிகளாக விலக வேண்டும்.

கேள்வி: ஹெல்பர்களில் பலர் ஒடிசா, பீகாரைச் சேர்ந்தவர்கள். இயக்குநருக்கு மட்டும் பயிற்சி அளித்தால் போதுமா?
— ஒப்பந்தக்காரர், ஓசூர்

பதில்: பெல்ட் மாட்டுபவரும் சைகை காட்டுபவரும் பயிற்சி பெறாத இடத்தில் இயக்குநரின் திறமை பாதி வீணாகிவிடும். சுமைக்கும் லாரியின் பக்கப்பலகைக்கும் இடையே, இறங்கும் ஜாக்கிக்குக் கீழே, தொங்கும் கட்டுக்கு அடியே என்று நசுங்கக்கூடிய இடங்களில் நிற்பவர்கள் ஹெல்பர்கள்தாம். ஊசலாடும் சுமையைக் கையால் பிடிக்காமல் கயிறு கட்டி வழிநடத்த அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். கைச் சைகைகளுக்கு மொழி தேவையில்லை என்பது இங்கே பெரும் வசதி. ஆனால் எல்லாரும் ஒரே சைகைகளைக் கற்றிருக்க வேண்டும், சைகை காட்டுபவர் ஒருவராகவே இருக்க வேண்டும். நிறுத்து என்னும் சைகையை மட்டும் யார் காட்டினாலும், அவர் நேற்றுச் சேர்ந்த ஹெல்பராக இருந்தாலும், இயக்குநர் உடனே நிறுத்தியாக வேண்டும். வகுப்பு அவர்களுக்குப் புரியும் மொழியில் நடக்கட்டும். தேர்வைத் தாளில் நடத்தாமல் சுமையை வைத்தே நடத்துங்கள்.

தூக்கும் கருவிகளுக்கும் ஒரு சொல். கிரேன், சங்கிலி, கயிறு அனைத்தையும் 12 மாதங்களுக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவரைக் கொண்டு முழுமையாகச் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற நெறியை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவே வகுத்தது. அது ஆண்டுச் சோதனை. கிழிந்த பெல்ட்டையும் கசியும் ஹைட்ராலிக் ஹோஸையும் தினமும் காலையில் பார்க்க வேண்டியவர்கள் உங்கள் ஆட்களே.

கேள்வி: சிங்கப்பூரில் லாரி கிரேன் வேலைக்குச் செல்லவிருக்கிறேன். இங்குள்ள அனுபவம் போதுமா?
— வாசகர், புதுக்கோட்டை

பதில்: அனுபவம் உதவும், ஆனால் அங்கே ஏற்கப்பட்ட பயிற்சியில் நீங்கள் தேறியிருக்க வேண்டும். கிரேன் இயக்கம் தொடர்பாக அந்நாட்டில் 2011இல் வந்த விதிமுறைகளின்படி, தூக்கும் வேலைக்கு எழுத்து வடிவத் திட்டம் வேண்டும். தூக்கும் பணி மேற்பார்வையாளர், சுமை கட்டுபவர், சைகையாளர் ஆகியோர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே முதல் நாளிலேயே அந்தத் திட்டத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதில் எழுதியுள்ள எடையும் தொலைவும் உங்கள் கிரேனின் லோடு சார்ட்டுக்குள் அடங்குகின்றனவா என்று சரிபார்த்த பிறகு லீவரைத் தொடுங்கள்.