ஆறாவது சிம்பொனியும் ஒன்பது நாட்களும்

அன்புள்ள ஐயா,

ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியை முதல்முறையாக முழுதும் கேட்டேன். அரங்கேறிய ஒன்பதாம் நாள் அவர் இறந்துபோனார் என்று படித்ததிலிருந்து, அதை ஒரு மரண சாசனமாகத்தான் கேட்க முடிகிறது. சாவு வருவது தெரிந்துதான் எழுதினாரா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1893 பிப்ரவரியில் சகோதரி மகன் தாவிதோவுக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. பயணத்தில் இந்த சிம்பொனியை மனதுக்குள் அமைத்தபோது அடிக்கடி அழுததாகச் சொல்கிறார். சரி, அழுதார். ஆனால் அதே கடிதத்தில், முதல் பகுதியின் வரைவை நான்கு நாளுக்குள் முடித்ததையும், தன் காலம் போய்விடவில்லை, இன்னும் வேலை செய்ய முடிகிறது என்ற பேரானந்தத்தையும் எழுதுகிறார். சாகத் துணிந்தவரின் பேச்சா இது?

அக்டோபர் 28 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அதன் அரங்கேற்றத்தை அவரே நடத்தினார். கேட்டவர்கள் வெறுக்கவில்லை, குழம்பிப்போனார்கள். ஆரவாரமாக முடியும் சிம்பொனிகளுக்குப் பழகிய காது. இதிலோ ஆரவாரம் மூன்றாம் பகுதியிலேயே முடிந்துவிடுகிறது (இன்றும் அங்கே கைதட்டிவிடுகிறார்கள்). அப்புறம் வரும் கடைசிப் பகுதி மெல்லத் தேய்ந்து அடங்குகிறது. நவம்பர் 6 அன்று அவர் இறந்தார்; காலரா என்று அறிவித்தார்கள். நவம்பர் 18 அன்று நாப்ரவ்னிக் என்ற இசை நடத்துனர் இந்த சிம்பொனியை மீண்டும் நடத்தியபோது கூட்டம் உருகிப்போனது. இரண்டு கச்சேரிக்கும் நடுவில் ஒரு சாவு விழுந்திருந்தது, அவ்வளவுதான். அன்று ஒட்டிக்கொண்ட கதைதான் உங்களையும் பிடித்திருக்கிறது.

நான் உங்களைக் கேட்கச் சொல்வது கடைசிப் பகுதியின் தொடக்கத்தை. அங்கே இறங்கி வரும் அந்த மெட்டை இசைக்குழுவின் இரண்டு வயலின் குழுக்களில் எதுவும் முழுதாக வாசிப்பதில்லை. ஒரு ஸ்வரம் முதல் வயலின்களுக்கு, அடுத்தது இரண்டாம் வயலின்களுக்கு என்று மாறி மாறிப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். தனித்தனியே வாசித்தால் இரண்டும் தாறுமாறாகத் தாவும் வரிகள், சேர்ந்தால்தான் மெட்டு. அக்கால வழக்கப்படி இரண்டு குழுவும் மேடையில் எதிரெதிர்ப் பக்கம் உட்கார்வார்கள் என்பதால், அந்த அழுகை இடமும் வலமுமாக அலைந்திருக்கும். எத்தனை நிதானமான கை இது! பின்னால் அதே மெட்டு திரும்பும்போது முதல் வயலின்களே அதை முழுதாக ஏந்திக்கொள்கின்றன.

வயலின்களை அப்படிப் பிரித்து உட்காரவைத்த பதிவு ஒன்றைத் தேடி ஹெட்ஃபோனில் கேளுங்கள். அந்த இரண்டு இடங்களுக்கும் உள்ள வித்தியாசம் காதில் விழுகிறதா என்று எழுதுங்கள்.