தூண்டில் பதில்கள்: வெயில் இறங்கியும் மீன் ஏன் வரவில்லை?

கேள்வி: கோடை தொடங்கியபோது கரையில் நின்றே நல்ல மீன் பிடித்தேன். இப்போது வெயில் தணிந்தும் ஒன்றும் கடிப்பதில்லை. எல்லாம் ஆழத்துக்குப் போய்விட்டதா?

வெயில் தணிந்தது உங்கள் தலைக்கு. கடலுக்கு இன்னும் தணியவில்லை. தண்ணீர் மெதுவாகச் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். வட அரைக்கோளத்தில் பகல் நீண்டிருப்பது ஜூன் மாதம் என்றாலும், மிதவெப்பக் கரைகள் பலவற்றில் கடல் உச்சச் சூட்டை எட்டுவது ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் வாக்கில். தென் அரைக்கோளத்தில் பிப்ரவரி, மார்ச்.

சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 7.4 மில்லிகிராம் வரை கரைகிற கடல்நீரில், 30 டிகிரியில் 6.2 அளவுக்குத்தான் கரையும். அதே சூட்டில் மீனின் உடம்பு கூடுதலாக ஆக்சிஜன் கேட்கும். வரவு குறைந்து செலவு ஏறிய குடும்பம் மாதிரிதான் அதன் பாடு. அதனால் பெரிய மீன் சும்மா சுற்றித் திரியாது. ஓடுகிற தண்ணீரின் ஓரமாக ஒதுங்கி நின்று, இரை தன்னிடம் வரட்டும் என்று காத்திருக்கும். கொஞ்சம் ஆழத்துக்குப் போனவையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கரையிலிருந்து வீசுகிறவர் தேட வேண்டியது ஓட்டத்தை: முகத்துவாரம், பாறை முனை, பாலத்தின் தூண்கள், மணல்திட்டை அறுத்துக்கொண்டு போகும் வாய்க்கால்.

கடல் வற்றும்போது, அதாவது ஏறிய நீர் திரும்ப இறங்கும்போது, முகத்துவாரத்தில் நின்று பாருங்கள். உள்ளிருந்து வரும் கலங்கல் நீரும் வெளியே இருக்கும் தெளிந்த நீரும் சேரும் இடத்தில் ஒரு கோடு விழும். நுரையும் பாசித் துணுக்கும் அந்தக் கோட்டில் வரிசை கட்டி மிதக்கும். மடவைக் குஞ்சு ஒன்று தனியாகத் துள்ளினால் கண்டுகொள்ளாதீர்கள். ஒரு கூட்டமே ஒரே பக்கமாகச் சிதறித் தெறித்தால், கீழே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அங்கே நேராகப் போடாமல், ஓட்டம் வருகிற பக்கம் தள்ளி வீசி, இரையைத் தண்ணீரோடு வரவிடுங்கள். ஓட்டத்துக்கு எதிராக இரையை விறுவிறுவென்று இழுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலே வரும். எந்தக் குஞ்சு எதிர்நீச்சல் அடித்துக்கொண்டு போய்ப் பெரிய மீனின் வாயில் விழும்?

கேள்வி: விடியற்காலைதான் சிறந்த நேரம் என்கிறார்கள். அது மட்டும் போதுமா?

போதாது. விடியும்போது தண்ணீர் அசையாமல் கிடந்தால் இன்னும் கொஞ்சம் தூங்கலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிது, ஓட்டமும் வேகம். அஷ்டமியை ஒட்டி எல்லாம் மந்தம். பொதுவாக ஏற்ற நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். ஆகவே ஓட்டமும் விடியலும் சேர்ந்து வரும் நாட்களைக் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களை விட்டுவிடாதீர்கள்.

இதில் ஒரு விலக்கு உண்டு. பாசி மண்டிய, ஆழமில்லாத, வாய் அடைபட்ட கழிமுகங்களில் இரவெல்லாம் பாசியும் சேர்ந்து ஆக்சிஜனைத் தின்னும். அங்கே விடியற்காலைதான் மிக மோசமான நேரம். வெயில் நன்றாக ஏறிய பிறகு போங்கள்.

கேள்வி: லூர் (மீன் குஞ்சு போலச் செய்த செயற்கை இரை) எந்த நிறத்தில் வாங்கலாம்?

முதலில் அளவைப் பாருங்கள். குஞ்சுகள் கோடை முழுக்கத் தின்று வளர்ந்திருக்கும், நீங்கள் இன்னும் அதே பொடி லூரைப் போட்டுக்கொண்டிருந்தால் எப்படி? நிறத்தை அப்புறம் பேசலாம்.

கேள்வி: காற்றே இல்லை, ஆனால் அலை மட்டும் பெரிதாக வருகிறது. பாறையில் நின்று வீசலாமா?

கூடாது. அந்த அலை உள்ளூர்க் காற்று கிளப்பியது இல்லை, தூரத்தில் எங்கோ அடிக்கும் புயல் அனுப்பியது. புயல்கள் உருவாக மேல்நீர் 26.5 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. கோடை முடிவில் அந்தச் சூடு பரந்து கிடக்கும். அடுத்தடுத்த இரண்டு அலைகளின் முகடுகளுக்கு இடையே எத்தனை விநாடி என்று எண்ணிப் பாருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ இருந்தால் பாறைப் பக்கமே போக வேண்டாம். இப்படிப்பட்ட அலை தொகுதி தொகுதியாக வரும். நடுவில் பல நிமிடம் கடல் சாதுவாகத் தெரிவதுதான் ஆபத்து. இடி கேட்டாலும் கிளம்பிவிடுங்கள், கார்பன் தூண்டில் கம்பு மின்சாரத்தைக் கடத்தும்.

கேள்வி: பிடித்த மீனைத் திரும்பக் கடலில் விடுகிறேன். சில மல்லாந்து மிதக்கின்றன. என்ன செய்வது?

மெல்லிய நரம்பு (தூண்டில் இழை) போட்டு அரைமணி நேரம் போராட்டம் நடத்துகிறீர்களோ என்று சந்தேகப்படுகிறேன். சூடான நீரில் களைத்த மீன் மீள்வது கடினம். தடித்த நரம்பு போட்டுச் சீக்கிரம் மீனைக் கரை சேர்த்துவிடுங்கள். வட்ட முள் (நுனி உள்நோக்கி வளைந்த தூண்டில் கொக்கி) போட்டால் பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும், ஆனால் கடித்ததும் வெடுக்கென்று சுண்டக் கூடாது, நிதானமாகச் சுற்றினால் போதும். மீனைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள், சூடான மணலில் கிடத்திப் படம் எடுக்காதீர்கள்.

ஆழத்திலிருந்து ஏற்றிய மீன் என்றால் விஷயம் வேறு. காற்றுப்பை உப்பி, இரைப்பை வாய் வழியே பிதுங்கி நிற்கும். அதைக் குத்தி உடைக்காதீர்கள். தாடையைக் கவ்வும் கொக்கியில் ஈயக்குண்டு கட்டி, வந்த ஆழத்துக்கே இறக்கி அங்கே விடுவிக்க வேண்டும். அந்தக் கொக்கி கையில் இல்லாத நாளில் ஆழத்தில் தூண்டில் போடாதீர்கள்.